மதகுச் சாவி

நீடாமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. வெண்ணாற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அவருக்கு நாற்றங்கால் கவலை. எனக்கோ பள்ளிக்கூடக் கவலை.

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தது. நாம் படித்தபோது டீச்சர் "வீட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார், நினைவிருக்கிறதா? நானும் அப்படிச் செய்யக் கூடாதென்று, கருமுட்டை நகர்வதைக் காட்டும் வீடியோ ஒன்றை வீட்டிலேயே பார்த்துத் தேர்ந்து வைத்திருந்தேன். பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று சிவப்பில் வருகிறது. சரி என்று வேறு தளம் போனேன், அதுவும் இல்லை. தாய்ப்பால் பற்றிய பக்கம்கூடத் திறக்கவில்லை. பள்ளி இணையத்தில் போட்டிருக்கும் வடிகட்டி சொல்லைப் பார்த்துத் தடுக்கிறதே தவிர, எதற்காகக் கேட்கிறோம் என்று பார்ப்பதில்லை.

பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பியது பார், அதுதான் என்னைச் சுட்டது. இது பாடம் என்று நான் பத்து நிமிடம் பேசியதை, அசிங்கம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது அந்தத் திரை. பெண் பிள்ளைகள் தலை நிமிரவே இல்லை. அப்புறம் என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்ச் பெஞ்சாகக் காட்டினேன். 2018 முதல் வந்த புதிய புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சடித்து, வீடியோ பார் என்கிறார்கள். பார்க்கத்தான் வழியில்லை.

தடுப்பே வேண்டாம் என்பேனா? சூதாட்ட விளம்பரம் பிள்ளைகள் கண்ணில் படுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்பில் தண்ணீரைப் பிரிப்பதற்கும் ஆள் இருக்கிறார். வாய்க்கால் மதகுச் சாவி, அதைத் திறந்து மூடும் லஸ்கரிடம். வயல் காய்ந்தால் அவரிடம் போய்ச் சண்டை போடலாம். அமெரிக்காவில் பள்ளிகளுக்கு இணைய வடிகட்டியைக் கட்டாயமாக்கிய 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்கூட, பெரியவர் ஒருவர் ஆய்வுக்காகக் கேட்டால் பொறுப்பாளர் திறந்துவிட இடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் சாவி யாரிடம் என்று தலைமையாசிரியருக்கே தெரியவில்லை. போன் பண்ணினோம், "புகார் பதிவாகிவிட்டது மேடம்" என்றார்கள். பாடமே முடிந்துவிட்டது.

இன்னொரு பிரிவுக்கு அடுத்த வாரம் எடுக்க வேண்டும். பி.எட். படிக்கும்போது நீ வரைந்த சார்ட் பரணில் இருக்குமே, கரையான் அரிக்கவில்லை என்றால் மன்னார்குடி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. இங்கே ஸ்டாண்டில் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
விஜயா