ஸ்டாலியன்ஸுக்கு, தாமதமாக ஒரு நன்றி

அமெரிக்காவின் பால்டிமோரில் கனடிய ஃபுட்பால் ஆடிய ஸ்டாலியன்ஸ் அணியினருக்கும் அவர்களை எங்களிடம் கொண்டு வந்தவர்களுக்கும் வணக்கம்.

இதை 1995 நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது ஊருக்கு வேறு பேச்சு கிடைத்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1984 மார்ச்சில் ஒரு ராத்திரியில் எங்கள் ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான கோல்ட்ஸ் சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு பத்து வருடம் மெமோரியல் ஸ்டேடியத்தில் நம் ஃபுட்பால் அணி என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஒன்றும் இல்லை. 1994இல் ஜிம் ஸ்பெரோஸ் கனடிய ஃபுட்பால் லீக்கில் ஆட ஒரு புது அணியைக் கொண்டு வந்தார். கோல்ட்ஸ் என்ற பெயரை வைக்கக் கூடாது என்று அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல். கோர்ட்டில் தடை வாங்கியது. சரி, ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் அணியின் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினால் 'கோல்ட்ஸ்' என்று நாங்கள் கத்திச் சொல்லிவிடுவோம்! ஸ்பெரோஸ் சார், அந்தக் கத்தலுக்காகவே உங்களுக்கு முதல் நன்றி.

அடுத்தது கோல்ட்ஸின் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு. கோல்ட்ஸ் போன அந்த ராத்திரியில் உங்கள் சீருடைகள் சலவைக் கடையில் இருந்ததால் லாரியில் ஏறாமல் தப்பின. அணியே இல்லாத பத்து வருடமும் நீங்கள் வாசிப்பதை நிறுத்தவில்லை.

பத்து கெஜம் முன்னேற மூன்றே டவுன், அதாவது மூன்றே முயற்சி; 110 கெஜ மைதானம், அணிக்கு 12 பேர். இதெல்லாம் எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. பக்கத்து இருக்கைப் பெரியவர்தான் பொறுமையாகச் சொல்லித் தந்தார். கோல் தவறினாலும், கோல் கோட்டுக்குப் பின்னால் போன பந்தை எதிரணி வெளியே கொண்டு வராவிட்டால் ஒரு புள்ளி கிடைக்கும் என்றபோது மட்டும் நான் நம்பவில்லை. ஐயா, நீங்கள் சொன்னது சரிதான்.

மைக் பிரிங்கிள் முதல் வருடம் பந்தோடு ஓடியது 1,972 கெஜம். அப்படியும் வான்கூவரில் கடைசி உதையில் 26–23 என்று கனடிய லீக்கின் கிரே கோப்பை கைநழுவியது. அடுத்த வருடம் டான் மேத்யூஸின் பயிற்சியில், மேலாளர் ஜிம் பாப் சேர்த்த ஆட்களோடு, 18 ஆட்டத்தில் 15 வெற்றி.

நவம்பர் 19, ரெஜைனாவில் இறுதி ஆட்டம். டிவியில் பார்த்தாலே குளிர் எடுக்கும் காற்று. எதிரே டக் ஃப்ளூட்டியின் கால்கரி அணி. எதிரணி உதைத்த பந்தைக் கிறிஸ் ரைட் எடுத்துத் திருப்பி ஓடி முதல் டச்டவுன் போட்டார். அந்தக் காற்றிலும் கார்லோஸ் ஹுவெர்ட்டா ஐந்து ஃபீல்டு கோல் உதைத்தார். ட்ரேசி ஹாம் ஆட்ட நாயகன். 37–20. கிரே கோப்பை எல்லையைத் தாண்டி அமெரிக்க அணி ஒன்றிடம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் அந்த வேறு பேச்சு. இறுதி ஆட்டத்துக்கு 13 நாள் முன்னால், கிளீவ்லாண்டின் என்.எஃப்.எல். அணியான பிரௌன்ஸைப் பால்டிமோருக்கு மாற்றுவதாக அதன் உரிமையாளர் ஆர்ட் மோடெல் அறிவித்தார். பத்து வருடம் கேட்ட என்.எஃப்.எல். கிடைத்துவிட்டது. கோப்பை வென்றவர்கள் மறு வருடம் மாண்ட்ரியாலில் அலுவெட்ஸ் ஆனார்கள். எங்களிடமிருந்து போனதைப் போலவே இன்னொரு ஊரிலிருந்து எடுத்து வந்தோமே என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் இந்த மடல் கிளீவ்லாண்டுக்கு அல்ல, உங்களுக்கு.

அந்த அறிவிப்பு வந்த வாரக் கடைசியில் சான் அன்டோனியோவோடு நீங்கள் மெமோரியல் ஸ்டேடியத்தில் தெற்குப் பிரிவின் இறுதி ஆட்டம் ஆடினீர்கள். கையில் டிக்கெட் இருந்தது. நான் வரவில்லை. அதே ஸ்டேடியத்தில் உங்களுக்கு அதுதான் கடைசி ஆட்டம் என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.

இப்படிக்கு,
33ஆம் தெருப் பக்கம் வளர்ந்த ஒரு ரசிகன்