உக்காந்துக்கிட்டே ஒரு மணி நேரம் ஸ்டாண்டப் மீட்டிங்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஏஜைல்ங்குற சாஃப்ட்வேர் வேலை முறையக் கத்துக்கிட்டா ஐடி வேலை ஈஸின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, கூடவே பெருசா ஒரு வாடிவாசல் படம், மாட்டுத் திமில்ல ஒரு தம்பி தொத்திக்கிட்டு இருக்காரு. படம் அருமை, ஆனா அதுக்கும் ஏஜைலுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு வெளங்கல. வேகம், சுறுசுறுப்பு, வளைஞ்சு குடுக்குறது, ஆள் குறைப்பு எல்லாமே ஏஜைல்தான்னு கட்டுரை அடிச்சு விடுது. நான் மதுரை இலந்தைக்குளம் பக்கம் ஒரு கம்பெனில டெஸ்டரா, அதாவது செஞ்ச சாஃப்ட்வேர் சரியா ஓடுதான்னு பாக்குற ஆளா இருக்கேன், தினமும் இந்த ஏஜைலோடதான் பொழப்பு, அதனால எழுதுறேன்.

2001 பிப்ரவரில அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஸ்னோபேர்டுன்னு ஒரு பனிச்சறுக்கு எடத்துல 17 பேரு கூடி ஒரு அறிக்கை எழுதுனாங்க, சாஃப்ட்வேர்ல ஏஜைல்ங்குற பேரு அங்கதான் நின்னுச்சு. அதுவரைக்கும் பெரிய புராஜெக்ட்னா முதல்லயே அம்புட்டையும் எழுதி கையெழுத்து வாங்கி, மாசக்கணக்கா கட்டி, கடைசில கொண்டுபோய்க் காட்டுனா கஸ்டமர் நான் கேட்டது இது இல்லையேம்பாரு. அதுக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு காட்டு, கேட்டுக் கேட்டு மாத்துன்னு சொன்னாங்க. பக்கம் பக்கமா இருக்குற டாகுமென்ட்ட விட ஓடுற சாஃப்ட்வேர் பெருசுன்னு அதுல ஒரு வரி இருக்கு, ஆனா டாகுமென்ட்டுக்கும் மதிப்பு உண்டுன்னு அவங்களே கீழ எழுதிருக்காங்க. நம்ம ஆளுக அந்தக் கீழ் வரிய மட்டும் படிக்கவே இல்ல. என்ன வரணும்னு எங்கயுமே எழுதி வைக்காட்டி, வந்தது சரியா தப்பானு டெஸ்டர் எத வச்சுப் பாக்குறது?

உங்க கட்டுரைல ஏஜைல் டீம் ராத்திரி பகல் பாக்காதுன்னு பெருமையா வேற போட்டிருக்கீங்க. அந்த அறிக்கையோட சேந்த 12 கொள்கைல ஒண்ணு இதுக்கு நேர் எதிர் சார், எத்தன நாளானாலும் ஒரே சீரா தாக்குப்பிடிக்கிற வேகத்துல வேலை நடக்கணும்னு இருக்கு. இன்னொண்ணு, செய்யத் தேவையில்லாத வேலைய செய்யாம விடுறதே ஒரு கலைன்னு சொல்லுது. இத எங்க ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்து ஒட்டலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

ஏஜைல்லயே ஸ்க்ரம்னு ஒரு வகை இருக்கு, அதுல தினமும் 15 நிமிஷம் டீம் கூடிப் பேசணும், அதுவும் வேலை செய்யிறவங்க அன்னைக்கு என்ன பண்ணலாம்னு தங்களுக்குள்ள பேசிக்கிறதுக்கு. நான் முன்னாடி இருந்த கம்பெனில அதுக்குப் பேரு ஸ்டாண்டப், நின்னுக்கிட்டே சுருக்கமா பேசுற மீட்டிங், ஆனா எல்லாரும் சேர்ல உக்காந்துருப்போம், மேனேஜர் ஒவ்வொருத்தரா பேரச் சொல்லி ஏன் முடியல ஏன் முடியலன்னு கேட்டு முடிக்க ஒரு மணி நேரம். ரெண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலைன்னு பிரிச்சுக்கிறதுக்குப் பேரு ஸ்பிரின்ட், அது பாதில நிக்கும்போது ஒரு மெயில் வரும், சின்ன சேஞ்சுதான், டிராப்டவுன்ல, அதான் அமுக்குனா கீழ விரியிற லிஸ்ட்ல, ஒரு பேரு சேக்கணும் அவ்வளவுதான்னு. அந்த ஒரு பேரு ரிப்போர்ட்ல வரணும், எக்செல்ல டவுன்லோடு பண்ணா வரணும், பழைய டேட்டா ஒடையக்கூடாது, இத்தனையும் வியாழக்கிழமை ராத்திரி டெஸ்டர் தலையில. சரி, இத எடுத்துக்கிறோம், பதிலுக்கு எத விடலாம்னு மேனேஜரக் கேட்டா, அத நான் சொல்ல முடியாதுப்பா மேல கேக்கணும்பாரு. மேல இருந்து பதிலே வராது. மாறுறது மட்டும் எங்க வேலை, எத மாத்துறதுன்னு சொல்றது வேற யாரோ. என்னையக் கேட்டா இதுக்கு ஏஜைல்னு பேரு வைக்கவே கூடாது.

நெசமான ஏஜைலப் பாக்கணும்னா எங்க சித்தியப் பாருங்க, புதூர்ல பூ கட்டி விக்கிது. விடியக்காலைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும்போது இன்னைக்கு இத்தன கிலோ மல்லின்னு முடிவு பண்ணிட்டுப் போகாது. முகூர்த்த நாளா, பனி காலமா, வரத்து எப்பிடி, ஒண்ணும் வீட்ல இருந்து சொல்ல முடியாது, மார்கழி தைல செடி சரியா பூக்காம வெலை ஆயிரத்த எல்லாம் தாண்டிப் போகும். கமிஷன் கடைல மொட்ட கையில அள்ளிப் பாக்கும், பருத்த மொட்டானு பாத்துட்டு, என்னண்ணே நேத்து வெலைக்கு டபுளா சொல்றீகன்னு ஒரு சத்தம், அப்பறம் மல்லிய பாதியா கொறச்சுக்கிட்டு பிச்சியும் கனகாம்பரமும் சேத்து வாங்கிரும். சாயங்காலம் மொட்டு விரியிறதுக்குள்ள கட்டி வித்தாகணும், யாரையும் போன் போட்டு கேக்க அதுக்கு நேரமும் இல்ல அவசியமும் இல்ல, காசு அதோடது, முடிவும் அதோடது. நட்டமானா அதுவும் அதோடதுதான், அதையும் சொல்லிடணும்.

வேலை செய்யிறவங்களே அந்த எடத்துல முடிவு எடுக்குறது கம்பெனிகள்ல நடக்காதுன்னு சொல்லாதீங்க. ஜப்பான்ல டொயோட்டா ஃபேக்டரில ஒரு கோளாறக் கண்டா அசெம்பிளி லைன்ல நிக்கிற தொழிலாளியே கயித்த இழுத்தோ பட்டன அமுக்கியோ சூப்பர்வைசர கூப்பிடலாம், அங்கயே சரி பண்ண முடியாட்டி லைனே நின்னுரும். லைன் நின்னா எவ்வளவு நட்டம், இருந்தும் அந்த உரிமைய குடுத்து வச்சிருக்காங்க. நம்ம ஊரு முதலாளிமாரு பிசினஸ் ஏஜிலிட்டின்னு மேடைல பேசுறது பாதி நேரம் கான்ட்ராக்ட் ஆள நாளைக்கே வேணாம்னு அனுப்புறதுக்கு ஒரு நாகரிகமான பேரு, அவ்வளவுதான். அதே நேரம் எல்லாத்துக்கும் ஏஜைல் ஒத்து வராதுங்குறதும் உண்மை. வைகைக்குக் குறுக்க பாலத்த பாதி கட்டிட்டு எங்க எறக்கலாம்னு யோசிக்க முடியுமா?

சுத்தி இருக்குற இன்ஜினியரிங் காலேஜ் பசங்க ரெண்டு நாள் சர்டிபிகேட் கோர்ஸுக்கு வீட்ல காச வாங்கிட்டுப் போறாங்க, உங்க கட்டுரையப் படிச்சுட்டு இன்னும் நெறைய பேரு போவாங்க. போகட்டும், தப்பில்ல, ரெஸ்யூமேல போட ஒரு வரி கெடைக்கும். ஆனா அடுத்த கட்டுரைல அவங்களுக்கு ஒரு பெட்டிச் செய்தியா இத மட்டும் போட்டு விடுங்க: இன்டர்வியூல கடைசியா எதுவும் கேக்கணுமான்னு கேப்பாங்கல்ல, அப்ப ஸ்பிரின்ட் நடுவுல புது வேலை வந்தா பழசுல எத விடுறதுன்னு உங்க டீம்ல யாரு முடிவு பண்ணுவாங்கன்னு கேளுங்க. டக்குனு ஒரு ஆளச் சொன்னா தைரியமா சேரலாம். சிரிச்சு மழுப்புனா, வேற ஆஃபர் கையில இருக்கான்னு பாத்துக்கங்க.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர்,
கே.புதூர், மதுரை.