மெகானே பாலத்தைக் காத்தவர்களுக்கு

நாகசாகி நகரத்துப் பெரியோர்களுக்கும் நகாஷிமா ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கும் வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படுமோ படாதோ, என் ஊரார் படிக்கட்டும். மழைநீர் வடிகால் வேலையிலேயே காலம் கழித்த பொறியாளன் நான். "பாலம் நீரோட்டத்தை மறிக்கிறது, அகற்றலாம்" என்று கோப்பில் ஒரு வரி எழுதுவது எத்தனை சுலபம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் அந்த வரியை எழுத எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் உங்கள் மெகானே கற்பாலம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முதல் நன்றி, 1634-இல் அதைக் கட்டிய மொகுசு நியோஜோ துறவிக்கு. சீனத்திலிருந்து வந்து கோஃபுகுஜி கோயிலின் இரண்டாம் தலைமைத் துறவியாக இருந்தவர். 22 மீட்டர் நீளம், 3.65 மீட்டர் அகலம், இரண்டு வளைவுகள், நடுவில் ஒரே தூண். ஆறு அலையில்லாமல் கிடக்கும்போது வளைவும் நிழலும் கூடி இரண்டு வட்டங்களாகின்றன. மெகானே, அதாவது மூக்குக்கண்ணாடிப் பாலம் என்று ஊர் அழைத்தது அதனால்தான். அரசு அந்தப் பெயரை ஏற்றது 1882-இல். அதுவரை ஏட்டில் அது வெறும் பத்தாம் பாலம். (எங்கள் பொதுப்பணித் துறையாக இருந்தால் இன்றும் பத்தாம் பாலமாகவே விட்டிருக்கும்.) 1647 வெள்ளத்தில் சேதமானதை மறு ஆண்டே செப்பனிட்டவருக்கும் என் வணக்கம்.

1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டுக்குக் குறித்த இலக்கு நகர மையம், அதாவது இந்த ஆற்றை ஒட்டிய பகுதி. மேகம் மறைத்ததால் குண்டு உராகாமிப் பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. இடையில் இருந்த குன்றுகளின் மறைவில் பாலம் தப்பியது. உராகாமியில் மாண்டவர்களை நினைத்தால் இதற்கு நன்றி என்று சொல்ல நா எழவில்லை.

1982 ஜூலை 23 மாலைக்கு வருகிறேன். பக்கத்திலுள்ள நாகயோவில் ஒரே மணி நேரத்தில் 187 மில்லிமீட்டர் மழை. மழைநீர் வேலை பார்த்தவனுக்கு அந்த எண்ணைப் படித்ததும் வயிறு கலங்கும். எந்த வடிகாலும் அதற்காக வடிவமைக்கப்படுவதில்லை. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடு கட்டிய ஊர், குட்டையான செங்குத்து ஆறு. சரிவுகள் இடிந்தன, மரங்களும் மண்ணும் ஆற்றோடு வந்தன. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 299 பேர். ஆற்றின் பழைய கற்பாலங்களில் 6 பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. மெகானே பாலம் பாதி சிதைந்து நின்றது.

இந்த நிலையில் ஆற்றை அகலப்படுத்த வேண்டும், பாலத்தை வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்ற யோசனை எழுந்ததில் குற்றம் காண மாட்டேன். பக்கத்து ஊரான இசஹாயாவில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அங்கே 1839-இல் கட்டிய இதேபோன்ற இரட்டை வளைவுப் பாலம் 1957 ஜூலை வெள்ளத்தில் இடியவில்லை. இடியாததுதான் வினையாயிற்று. அடித்து வந்த மரங்கள் வளைவுகளில் சிக்கி அணைபோல் அடைக்க, தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. அந்த ஊரில் மட்டும் 500 பேருக்கு மேல் பலி. வெடிவைத்துத் தகர்த்துவிடலாம் என்று பேச்சு வந்ததாம். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வேறென்ன பேசுவார்கள்? அப்படியும் அதைக் கல் கல்லாகப் பிரித்துப் பூங்காவில் மறுபடி எழுப்பினார்கள். அந்த ஊர்ப் பொறியாளர்களுக்கும் இந்த மடலில் பங்குண்டு. ஆனால் அந்தப் பாலம் இன்று நிற்பது ஒரு குளத்தின் மேல். கடக்க வேண்டிய ஆறு அதற்கு இல்லை.

நாகசாகியில் நீங்கள் அதற்கு உடன்படவில்லை. ஆற்றுப்படுகையில் சிதறிய கற்களைத் தேடி எடுத்தீர்கள். ஆப்புபோல் செதுக்கிய கற்கள் அவை. அடியில் மரச்சாரம் கட்டி, இரு பக்கமிருந்தும் அடுக்கிவந்து, உச்சிக் கல்லை இறக்கிய பிறகுதான் சாரத்தைப் பிரிக்க முடியும். அதுவரை எந்தக் கல்லும் தன்னால் நிற்காது. கிடைத்தவற்றை முடிந்தவரை அதே பாலத்தில் சேர்த்து, 1983-இல் மீண்டும் நிறுத்தினீர்கள். இன்று கரைப்படியில் இறங்கி வளைவின் அடியில் அண்ணாந்து பார்த்தால், கல்லும் கல்லும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பது தெரிகிறது. சுற்றுலா வருபவர்களோ பாலத்துக்கு முதுகைக் காட்டி, கரைச்சுவரில் பதித்த இதய வடிவக் கல்லோடு படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். போகட்டும், வெள்ளத்துக்குப் பின் அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்கும் ஒரு விளையாட்டு மனம் இருந்திருக்கிறது.

என் தொழில்முறை வணக்கம் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு. பாலத்தின் இரு பக்கமும் கரைக்கு அடியில் மாற்றுக் கால்வாய்கள் ஓடுகின்றன. வெள்ளம் ஏறும்போது மிஞ்சிய நீர் மேலேயே பிரிந்து, அவற்றின் வழியே பாலத்தைத் தாண்டிப்போய்க் கீழே ஆற்றில் சேர்கிறது. வளைவுகள் தாங்கக்கூடியதை மட்டுமே வளைவுகள் சுமக்கின்றன. ஒரு நடைபாலத்துக்காக ஆற்றுக்கே வேறு வழி வெட்டிக் கொடுப்பது எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் முதலில் அடிபடும் இனம். அதை விடாமல் கேட்ட பொதுமக்களுக்கும், முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பொறியாளர்களுக்கும், செலவுக்கு ஒப்புதல் தந்த அதிகாரிகளுக்கும் நன்றி.

எல்லோரையும்விட ஆற்றங்கரைக் குடும்பங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். வீட்டுக்குள் சேறு புகுந்து, வேண்டியவர்களை இழந்து, பின்பு கால்வாய் வேலைக்காகக் கரையோர இடத்தையும் விட்டுக்கொடுத்தவர்கள் உங்களில் உண்டு. பாலத்தை வெறுக்க உரிமை இருந்தவர்கள் நீங்கள். உங்களால்தான் எங்களைப் போன்றவர்கள் அந்தப் படிகளில் ஏறி அக்கரைக் கோயில் தெருவுக்கு நடந்துபோகிறோம்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற வடிகால் பொறியாளர் ஒருவர்