நட்சத்திரத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் நாங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தலைப்பைப் பார்த்ததும் சந்தோஷமாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ராஜாஜி, மசானி, ரங்கா என்று தலைவர்கள் பெயர்கள் எல்லாம் சரியாகத்தான் வந்தன. மூன்றாவது பத்தியில் ஒரு வரி: “மகாராஜாக்களும் மில் முதலாளிகளும் நடத்திய கட்சி, மலைப்பக்கம் அதன் வாசனை கூடப் பட்டதில்லை.” அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

1967 பொதுத்தேர்தலில் நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் எம்.கே. நஞ்ச கவுடர். கட்சி சுதந்திரா, சின்னம் நட்சத்திரம். அதற்கு முந்தைய தேர்தலில் அக்கம்மா தேவி காங்கிரசுக்காக ஜெயித்த தொகுதி அது. அந்த வருடம் நம் மாநிலத்திலிருந்து சுதந்திராவுக்குப் போன ஆறு எம்.பி.க்களில் ஒருவர் எங்கள் மலைக்காரர். உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்திருந்தும் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

எனக்கு அப்போது பதினோரு வயது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் (எங்கள் மலைக் கிராமத்தை அப்படித்தான் சொல்வோம்) அப்பா ஒரு பழைய தேயிலைப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாளை நகத்தால் மெதுவாக உரித்தார். கிழியாமல் வரவேண்டும் என்று சுடுதண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் அதன்மேல் போட்டு வைத்தார். அட்டையில் நட்சத்திரம் வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, அந்தத் தாளை ஒட்டி, ஒரு சில்வர் ஓக் கம்பில் கட்டி வாசலில் நட்டார். காலை வெயில் பட்டால் எதிர்ச் சரிவில் இருப்பவர்களுக்கும் மின்னும். எதிர் ஹட்டியில் என் தாய்மாமன் வீடு. அவர் காங்கிரஸ். “உன் நட்சத்திரம் கண்ணைக் கூசுது மச்சான்” என்று சந்தையில் அப்பாவிடம் சொன்னார். அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி அப்பா வருடக்கணக்கில் சந்தோஷப்பட்டார்.

என் அப்பாவுக்கு இருந்தது இரண்டு ஏக்கர் தேயிலை, அரை ஏக்கர் உருளைக்கிழங்கு, இரண்டு எருமை. இவர் எந்த ஊர் மகாராஜா?

அவர் ஏன் நட்சத்திரத்துக்குப் போட்டார் என்று கட்டுரையாளர் எங்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம். 1959 ஜனவரியில் நாகபுரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, நிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணையாகப் பயிர்செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தச் செய்தி மலைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். எங்கள் நிலம் சமவெளி நிலம் இல்லை. தாத்தா ஒவ்வொரு கல்லாகச் சுமந்து வந்து அடுக்கிய திட்டு. அதில் எது யாருடையது என்பது காகிதத்தைவிட அந்தக் கல்லில்தான் இருக்கிறது. அந்த ஜூன் மாதமே ராஜாஜி சென்னையில் புதுக் கட்சியை அறிவித்தார். முதல் தலைவர் ரங்கா, விவசாயிகளுக்காகவே வாழ்நாளெல்லாம் பேசியவர். அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் கல்கியில் ராஜாஜி எழுதினால் அதை விடமாட்டார்.

கூட்டுறவு மாவட்டத்தில் இருந்துகொண்டு கூட்டுறவை எதிர்த்த கட்சிக்கு எப்படி ஓட்டு என்று சிலர் கேட்பார்கள். சரி, நியாயமான கேள்விதான். எங்கள் இலை இன்றும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. அப்பா அதில் உறுப்பினராக இருந்தார், நானும் உறுப்பினர். இலையைச் சேர்ந்து விற்பது வேறு, நிலத்தையே சேர்த்துவிடுவது வேறு. இந்த வித்தியாசம் எங்கள் ஹட்டியில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிகளுக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் அந்த பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம். எதற்கெடுத்தாலும் அரசிடம் அனுமதி வாங்கவேண்டிய நிலைமைக்கு ராஜாஜி வைத்த பெயர். கட்டுரையில் அதை வெறும் கோஷம் என்று எழுதிவிட்டார்கள். 1970களில் நாங்கள் வீட்டுக்குப் பின்சுவர் கட்ட இருபது மூட்டை சிமெண்டுக்கு மனுக் கொடுத்தோம். அது எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, இப்போது அங்கே இருப்பவர்கள் பாவம். ஏழு மாதம் நடந்தோம். பெர்மிட் வந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வந்த மூட்டைகளில் பாதி இறுகிக் கல்லாகிவிட்டது. அந்தக் கல்மூட்டை ஒன்று இன்றும் எங்கள் மாட்டுக்கொட்டகை வாசலில் படியாகக் கிடக்கிறது. 1991இல் தில்லி இந்த லைசென்ஸ் கட்டுகளைத் தளர்த்தியபோது அப்பா உயிரோடு இல்லை. ராஜாஜி முப்பது வருடத்துக்கு முன்னால் சொன்னதுதானே இது என்று அந்தச் சமயத்தில் உங்கள் பத்திரிகையில் ஒரு வரியாவது வரும் என்று நான் தினமும் தேடினேன்.

கட்சியின் குறையை நான் மறைக்கவில்லை. ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் பீகாரிலும் ராஜ குடும்பங்கள் வந்தன. ஜெய்ப்பூர் மகாராணி 1962இல் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் 1967 வெற்றியும் தி.மு.க. கூட்டணி அலையில் வந்ததுதான். எங்கள் பக்கம் கட்சிக்கு ஆபீஸ் கிடையாது, டீக்கடை பெஞ்சுதான். தலைவருக்கு வயது தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. 1971இல் ராஜாஜி காமராஜரோடு சேர்ந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் யாரைத் தோற்கடிக்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினார்களோ, அவருக்காகவே மறுபடி ஓட்டுக் கேட்டு எப்படிப் போவது? அந்தத் தேர்தலில் அப்பா நட்சத்திரம் செய்யவில்லை. மக்களவையில் 44 இடம் வைத்திருந்த கட்சி 8 இடத்தில் நின்றது. நீலகிரி தி.மு.க.வுக்குப் போனது. 1972 டிசம்பரில் ராஜாஜி காலமானார். 1974இல் கட்சியே சரண்சிங்கின் பாரதீய லோக் தளத்தில் கரைந்துவிட்டது. இதையெல்லாம் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டுப் போட்ட எங்களை மட்டும் இல்லாதவர்களாக ஆக்காதீர்கள்.

மனதில் இருப்பதை இதோடு சொல்லிவிடுகிறேன். மே மாத மலர்க் கண்காட்சிக்கு நீங்கள் தருவது நான்கு பக்கம். 2009 நவம்பரில் மண் சரிந்து மனிதர்கள் புதைந்தபோது, முதல் நாள் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பத்தி. கோத்தகிரி மழைச் செய்திக்குக் கொடைக்கானல் ஏரிப் படத்தைப் போட்டீர்கள். அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன், பதில் இல்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்தால் அது வணிகப் பக்கத்தின் கீழ் மூலையில் வருகிறது. எங்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. நாற்பது வருடமாக உங்கள் வாசகன் நான். மலை என்றால் வேடிக்கை பார்க்கிற இடம், அங்கே அரசியல் தெரிந்த மனிதர் இருக்கமாட்டார் என்ற எண்ணம் உங்கள் அலுவலகத்தில் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். நஞ்ச கவுடரின் பெயர், 1967 என்ற வருடம், நீலகிரி என்ற ஊர், இவை பிழையில்லாமல் வந்தால் போதும். பெரிய எழுத்தில் வேண்டாம். எங்கள் ஹட்டிக்குப் பேப்பர் பதினோரு மணி பஸ்ஸில்தான் வருகிறது. வரும் ஞாயிறு டீக்கடையில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.