திருச்சபை வரலாறு கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான இறையியல் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

நம் மாணவர்கள் படிக்கும் திருச்சபை வரலாறு பெரும்பாலும் எருசலேமில் தொடங்கி, ரோமாபுரி வழியாக, லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கிய விட்டன்பர்க் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மிஷனெரிகளுடன் கப்பலேறுகிறது. அந்தக் கப்பல் கரை சேர்ந்த பிறகுதான் மற்ற மக்களுக்கு வரலாறே பிறக்கிறது என்ற எண்ணம் இதனால் மாணவர் மனத்தில் படிந்துவிடுகிறது. நாம் அறிக்கையிடும் விசுவாசத்துக்கு இது முரணானது என்பதே என் மனக்குறை.

அத்தேனே பட்டணத்து மார்ஸ் மேடையில், கடவுள் சகல ஜனங்களையும் "ஒரே இரத்தத்தினாலே" தோன்றப்பண்ணினார் என்று பவுல் அறிவித்தார். லூக்காவோ இயேசுவின் வம்ச வரலாற்றை ஆபிரகாமோடு நிறுத்தாமல் ஆதாம் வரை கொண்டு செல்கிறார். இவ்விரண்டையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் ஆமோஸ் 9:7 பிரசங்கத்தில்கூட அரிதாகவே ஒலிக்கிறது. எகிப்திலிருந்து பெற்ற விடுதலை தங்களுக்கு மட்டுமே உரிய பெருமை என்றிருந்தவர்களிடம், இஸ்ரவேலைக் கொண்டுவந்தவரே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தார் என்கிறார் தீர்க்கதரிசி. அவ்விருவரும் இஸ்ரவேலோடு போரிட்டவர்கள். பகைவரின் இடப்பெயர்வும் கடவுளின் செயலே என்றால், அவர் கைக்குப் புறம்பான வரலாறு எந்த மக்களுக்கு இருக்க முடியும்?

எல்லா மக்களின் வரலாற்றையும் இப்படிக் கடவுளின் செயலாகக் கற்பித்தால் இரட்சிப்பின் வரலாறு மங்கிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படவே ஆபிரகாம் அழைக்கப்பட்டான்.

மனிதகுலத்தின் இந்த ஒருமையை மறந்ததன் விளைவையும் மறைக்காமல் கற்பியுங்கள். ஆதியாகமம் 9:25இல் நோவா சபித்தது தன் பேரன் கானானை மட்டுமே. அந்தச் சாபத்தைக் கறுப்பின மக்கள் அனைவர்மேலும் சுமத்தி, அடிமை வணிகத்துக்கு வேத ஆதாரம் காட்டியவர்கள் கிறிஸ்தவர்களே. அமெரிக்கப் பூர்வகுடிகளும் உண்மையான மனிதர்களே, அவர்களை அடிமைப்படுத்தலாகாது என்று பாப்பரசர் மூன்றாம் பவுல் 1537இல் ஆணையிட வேண்டியிருந்தது. நம் சொந்த வேதத்தின் முதல் பக்கங்களில் உள்ள உண்மைக்கு அவ்வளவு பிந்தி ஓர் ஆணை தேவைப்பட்டது எத்தனை வேதனை!

4ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய எத்தியோப்பியப் பகுதியில் இருந்த அக்சூமின் அரசர் எசானா கிறிஸ்துவை ஏற்றார். 635இல் அலோபென் என்ற துறவி சீனத் தலைநகரில் வரவேற்கப்பட்டதை 781இல் நிறுத்தப்பட்ட கல்வெட்டு கூறுகிறது. இவற்றைப் பிற்சேர்க்கையாக ஒதுக்காமல் அந்தந்த நூற்றாண்டின் பாடத்துக்குள்ளேயே வைக்க வேண்டுகிறேன். ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தின் ஜனங்களின் பட்டியலையும் ஆமோசின் அந்த வசனத்தையும் முதல் பாடமாக்க, அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே ஆவன செய்யுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
திருச்சபை உறுப்பினர் ஒருவர்