சிலிண்டர் எத்தனை நாள் வரும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து இதே யோசனைதான். குழந்தைக்குப் பால் காய்ச்சும்போது கேஸ் தீர்ந்துபோய், மாப்பிள்ளை அந்தக் குளிரில் கீழ் வீட்டுக்குப் போய்க் காய்ச்சி எடுத்து வந்தார் என்றாய். "போன தடவை ஒன்றரை மாசம் வந்ததுப்பா, இந்தத் தடவை முப்பத்தஞ்சு நாள்கூட வரலை, குறைச்சு அடைச்சுக் கொடுத்திருக்காங்க" என்று கோபப்பட்டாய். அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எடை பார்க்காமல் ஒருத்தரைக் குறை சொல்ல முடியாது. போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் குழந்தை அழும், நீயும் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

உன் வீட்டில் ஒரே ஒரு சிலிண்டர். டெல்லி முனிர்க்கா சந்துக்குள் மூன்றாவது மாடி, பைப் கேஸும் இல்லை. இரண்டு சிலிண்டர் இருக்கிற வீட்டில் ஒன்று தீர்ந்தால் இன்னொன்றை மாட்டிவிட்டு நிதானமாக புக் பண்ணலாம். உனக்கு அது கிடையாது. முதல் வேலையாக ஏஜென்சியில் இரண்டாவது சிலிண்டருக்கு எழுதிக் கொடு. அது வருகிற வரைக்கும் கணக்குதான் துணை.

கணக்கு எடையில் ஆரம்பிக்கிறது. வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, பெரும்பாலும் 15, 16 கிலோவை ஒட்டி இருக்கும். மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்குகிற பட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் உள்பக்கம் பார்த்தால் 15.3 என்பது போல ஓர் எண் இருக்கும். அதுதான் காலி எடை. அங்கேயே B 27 என்கிற மாதிரி ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும், அது எடை இல்லை, அந்த சிலிண்டரை அடுத்து எப்போது சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது. A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D அக்டோபர் முதல் டிசம்பர். தேதி தாண்டியது வந்தால் வாங்காதே.

காலி எடை 15.3 என்றால் வந்து இறங்கும்போது 29.5 கிலோ இருக்க வேண்டும். சிலிண்டர் கொண்டு வருபவரிடம் தராசு இருக்க வேண்டும், எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உன் உரிமை. மூன்று மாடி ஏறி வந்த மனுஷன், முகத்தைச் சுளிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேள், போட்டுக் காட்டுவார். அந்த எண்ணையும் தேதியையும் காலண்டரில் எழுது.

அப்புறம் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை எடை பார். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைத் தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு 50 கிலோ தாங்குவதாக இருந்தால் போதும், மாப்பிள்ளை ஒரு நிமிஷம் தூக்கிப் பிடிப்பார். ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, வால்வு மேல் மூடியைப் போட்டுவிட்டுத் தூக்கச் சொல். அடுப்பு, பூஜை விளக்கு எதுவும் அப்போது எரியக் கூடாது. 26.2 காட்டுகிறது என்று வைத்துக்கொள். பத்து நாளில் 3.3 கிலோ போயிருக்கிறது, ஒரு நாளைக்கு 330 கிராம். மிச்சம் 26.2-ல் 15.3 போக 10.9 கிலோ. அதை 330 கிராமால் வகுத்தால் இன்னும் 33 நாள். அவ்வளவுதான் விஷயம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு. உன் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்பது தெரிந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு தடவையும் தூக்க வேண்டாம், தேதி போதும்.

எடை பார்க்காமலும் ஒரு மதிப்பு போடலாம். பெரிய பர்னரை முழுசாக வைத்தால் மணிக்கு சுமார் 160 கிராம் எரியும், சின்ன பர்னர் 100 கிராம். அடுப்புக்கு அடுப்பு கொஞ்சம் வித்தியாசப்படும், சிம்மில் வைத்தால் இதைவிட நன்றாகக் குறையும். குக்கர், குழம்பு, தோசை எல்லாமாகப் பெரியது ஒரு மணி நேரம், பால், காபி, தாளிப்பு, குழந்தையின் பாட்டில் கொதிக்க வைப்பது எல்லாமாகச் சின்னது ஒன்றரை மணி நேரம் என்று வை. 160-ம் 150-ம் சேர்ந்து 310 கிராம். 14.2 கிலோவுக்கு 45 நாள் சொச்சம். நீ சொன்ன அந்த ஒன்றரை மாசம் சரியாக வருகிறதா?

இப்போது குளிர்காலத்துக்கு வா. பாத்ரூமில் கீசர் வேலை செய்யவில்லை, வீட்டுக்காரர் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றே ஓட்டுகிறார், பெரிய பாத்திரத்தில் அடுப்பில்தான் வெந்நீர் போடுகிறோம் என்று பொங்கலுக்குப் பேசியபோது நீயே சொன்னாய். டெல்லி ஜனவரியில் குழாய்த் தண்ணீர் கையை வைக்க முடியாத குளிர்ச்சி, 13 டிகிரி என்றே வைப்போம். பதினைந்து லிட்டரை அங்கிருந்து 60 டிகிரிக்குக் கொண்டு போக, அடுப்புச் சூட்டில் பக்கவாட்டில் வீணாகிறதையும் சேர்த்தால், நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே கேஸ் ஆகும். தினமும் அது ஒன்று. 310, 417 ஆகிவிட்டது. வகுத்துப் பார், 34 நாள். ஏஜென்சிக்காரர் திருடினாரோ இல்லையோ, வெந்நீர் மட்டுமே பதினோரு நாளைத் தின்றிருக்கிறது. இதே வெந்நீருக்குக் கரண்ட் ஒரு யூனிட்கூட ஆகாது. வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் கீசரைச் சரி பண்ணச் சொல், நீ தயங்கினால் நானே அவரிடம் பேசுகிறேன். குழந்தை தவழ்கிற வீட்டில் வாளிக்குள் தண்ணீர் சுட வைக்கிற கரண்ட் ராடு போடுவது மட்டும் வேண்டாம்.

தீயைப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பாதே. உள்ளே திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், அதனால் பாதி சிலிண்டரிலும் தீ ஒரே மாதிரி எரியும், தீயில் வித்தியாசம் தெரியும்போது கடைசி நாளாகியிருக்கும். ஈரத்துணி வைத்தியம் மட்டும் நிஜமாகவே வேலை செய்யும். சமையல் முடிந்த கையோடு சிலிண்டரை மேலிருந்து கீழ் வரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு நிமிஷம் நில். மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், திரவம் நிற்கிற இடம் ஈரமாகவே இருக்கும், நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு சிலிண்டரின் சரிபாதி உயரத்தில் இருந்தால் பாதி கேஸ் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு. உள்ளே 33 லிட்டர் இடம் இருந்தாலும் முழுசாக நிரப்புவதில்லை, வெயிலில் விரிவதற்காக ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டுத்தான் அடைப்பார்கள். அதனால் பாதி உயரத்தில் கோடு இருந்தால் இன்னும் 9 கிலோ இருக்கிறது, பாதியைவிட நன்றாக அதிகம். கோடு தரைப்பக்கம் நெருங்கிவிட்டால் அன்றைக்கே புக் பண்ணு.

டெல்லியில் இன்னொன்று உண்டு, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு ஜனவரியிலும் பார்த்தது. இந்த கேஸ் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும், பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டித்தான் ஆவியாகும். அதனால் புரோப்பேன் முதலில் அதிகமாகப் போய்விடும், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். காலை ஆறு மணிக்கு, பால்கனிக் கதவு ஓரம் சில்லென்று நிற்கிற சிலிண்டரிலிருந்து அது வேகமாக எழும்பாது, தீ சோர்ந்து எரியும். அப்போதுதான் அக்கம்பக்கத்தில் சிலிண்டரைக் கொதிநீரில் நிற்க வைப்பதும், படுக்கப் போடுவதும். நீ இரண்டையும் செய்யாதே, யார் சொன்னாலும் செய்யாதே. படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே ட்யூபில் இறங்கும், அது அடுப்பில் வந்தால் ஆள் உயரத்துக்குத் தீ எழும். குளிர்காலத்தில் கடைசி அரைக் கிலோவைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடு.

2012 செப்டம்பரில் வருஷத்துக்கு ஆறு சிலிண்டர்தான் மானிய விலையில் என்று சொன்னார்கள், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பிறகு ஒன்பதாக்கி, 2014-ல் பன்னிரண்டாக்கினார்கள். ஆறு என்றால் ஒன்று இரண்டு மாசம் வர வேண்டும். அம்மா பருப்பையும் அரிசியையும் முன்னாடியே ஊற வைத்து, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, பாத்திரத்தை மூடாமல் எதையும் கொதிக்க விடாமல் நாளை இழுத்தாள். அந்தக் காலண்டர் தாள்களில் சிலிண்டர் மாற்றிய தேதிகள் அவள் கையெழுத்தில் இருக்கும். இந்த வழக்கம் அவளிடமிருந்து வந்ததுதான், எனக்குச் சொந்தமான கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

எழுதி வைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. வெந்நீரும் இல்லை, விருந்தாளியும் இல்லை, ஆனாலும் 310 திடீரென்று 400 ஆகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். சோப்பு நுரையை ரெகுலேட்டர், ட்யூப், குமிழ் பக்கமெல்லாம் தடவிப் பார், குமிழி வந்தால் தெரிந்துவிடும். நெருப்புக் குச்சியால் பார்க்கவே கூடாது. இந்த வாயு காற்றைவிட கனம், தரையோடு தேங்கும், குளிருக்குக் கதவு ஜன்னலெல்லாம் அடைத்து வைத்திருக்கிற வீட்டில் வெளியே போக வழியே இருக்காது, குழந்தையும் தரையில்தான் விளையாடுகிறது. வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் போடாமல், அணைக்காமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு போன் பண்ணு. அந்த எண்ணை இப்போதே மாப்பிள்ளை போனிலும் போட்டு வை.

சரி, புதிய சிலிண்டர் வருகிற அன்றைக்கு காலி எடை, மொத்த எடை இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. பத்து நாள் கழித்து இன்னொரு எடை. மிச்சம் மூன்று கிலோவைத் தொடுகிற தேதியை நான் இங்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன், அன்றைக்கே புக் பண்ணிவிடு, வருவதற்கு நாலைந்து நாள் ஆனாலும் தாங்கும். வீட்டுக்காரர் நம்பரையும் அதோடு அனுப்பு.

அன்புடன்,
அப்பா