இரண்டு நிமிடத்துக்குள் முடிந்த சண்டை

சென்னை,
7.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். நீ அனுப்பிய குத்துச்சண்டைக் காணொளிக்கு "பார்த்தேன்" என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பியதில் உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள். கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டி முடித்துவிடக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக உட்கார்ந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன்; அப்படியே மூன்று ஞாயிறு கழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 16ஆம் தேதி ரியாத்தில் இளம் ஹெவிவெயிட் வீரன் மோசஸ் இட்டௌமா டில்லியன் ஒயிட்டை வீழ்த்திய சண்டையை இதுவரை ஏழெட்டு முறையாவது பார்த்திருப்பேன். முதல் சுற்று, 1 நிமிடம் 59 விநாடி. ஒயிட் விழுந்தார், எழுந்தும்விட்டார், ஆனால் கால்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பது நடுவர் அருகில் வருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பையனுக்கு வயது இருபது. நீ குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்து ஊரான இங்கிலாந்தின் சாட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் உனக்கு அவன்மேல் ஒரு சொந்தம் ஏற்பட்டிருப்பது நியாயம்தான்; நம் பேட்டைப் பையன் ஜெயித்தால் நாமே ஜெயித்ததுபோல் நடப்பது இராயபுரத்துக்காரர்களுக்கு ஒன்றும் புதிதல்ல. ஆனால் "டைசனே இவனுக்கு முன்னால் நிற்க முடியாதுப்பா" என்று நீ எழுதியிருந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

கோபம் வந்தது என்று நினைக்காதே. முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நான் உன் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தாத்தா என்னை அழைத்துக்கொண்டு போனார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து அலி ஒரு விரல் உயரத்துக்குத்தான் தெரிந்தார், அதிலும் முன்வரிசைத் தலைகள் மறைத்தன. ஆனாலும் தாத்தா அன்று முதல் சாகும்வரை "அலியை நேரில் பார்த்தவன்" என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். வடசென்னைக் குத்துச்சண்டைக் குழுக்களில் பெரியது சார்பட்டா பரம்பரையா, இடியப்ப நாயக்கர் பரம்பரையா என்று திண்ணைக்குத் திண்ணை வழக்காடிய காலத்து மனிதர் அவர். ஆளைப் பார்ப்பதற்கு முன்பு அவன் வாத்தியார் யார் என்று கேட்பதுதான் அவர் வழக்கம்.

எனக்கும் மைக் டைசனுக்கும் ஒரே வயது. 1986 நவம்பர் 22 அன்று அவர் டிரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, இருபது வயது நான்கு மாதத்தில் ஹெவிவெயிட் பட்டம் வென்றபோது, இங்கே நான் தொழிற்பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். அந்தச் சண்டையின் கேசட் எங்கள் தெருவுக்கு வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. எதிர்வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, இரண்டு சினிமாக்களுக்கு நடுவே அதைப் போட்டார்கள். படத்தில் குறுக்கே கோடுகள் ஓடின. கறுப்பு நிக்கர், காலுறை இல்லாத ஷூ, மேலே அங்கி கிடையாது. கடைசியில் ஒரே ஒரு இடக்கை ஹூக், பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து. பெர்பிக் விழுந்தார், எழுந்து தள்ளாடி மறுபடியும் விழுந்தார், திரும்ப எழுந்து ரிங்கின் இன்னொரு பக்கம் போய்க் கயிற்றில் விழுந்தார். ஒரு குத்துக்கு ஒரு மனிதன் மூன்று முறை விழுந்ததை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கத்தினோம். நான் தாத்தாவைப் பார்த்து, "உங்கள் அலி இவனிடம் இரண்டு சுற்று தாங்குவாரா?" என்று கேட்டேன்.

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. கேசட்டைத் திருப்பிப் போடச் சொன்னார், டைசனின் தோளை விரலால் காட்டிக்கொண்டே பார்த்தார். பிறகு, "இவன் அடித்தது பெர்பிக்கை. பெர்பிக் அடித்தது கிழட்டு அலியை. இதில் உனக்கு என்ன கணக்கு வேண்டும்?" என்றார். அது உண்மை. 1981 டிசம்பரில், நாற்பதை எட்ட ஒரு மாதமே இருந்தபோது, அலி தம் கடைசிச் சண்டையில் தோற்றது அந்தப் பெர்பிக்கிடம்தான். பேச்சு முடிந்தது என்று நினைத்து எழுந்த நேரத்தில் தாத்தா ஒன்று சொன்னார்: "ஆனால் பையனுக்குத் தலை ஓர் இடத்தில் நிற்கவே இல்லை." அவர் வாயிலிருந்து வரக்கூடிய பாராட்டின் உச்சம் அது.

அந்தத் தலையைப் பற்றித்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். டைசனின் உயரம் 178 சென்டிமீட்டர். ஹெவிவெயிட்டில் அவர் குள்ளம். எதிராளிகளில் பெரும்பாலோருக்குக் கை அவரைவிட நீளம். நீளக் கையைத் தாண்டி உள்ளே போய்த்தான் அவர் அடித்தாக வேண்டும், அப்படிப் போகும் வழியில் அடிபடாமலும் இருக்க வேண்டும். அதற்காகக் கஸ் டமாட்டோ என்ற கிழவர் இரண்டு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டவைத்து, இடுப்பிலிருந்து தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே முன்னேறும் முறையைப் பிள்ளை வயதிலிருந்து அவருக்குப் பழக்கினார். எதிராளி முன்கையால் நேராக நீட்டும் ஜாப் தலைக்கு மேலே காற்றில் போகும். அதே அசைவில் சாய்ந்த இடுப்பு திரும்பி ஹூக்காக வந்து இறங்கும். தப்புவதும் அடிப்பதும் அங்கே ஒரே அசைவு. உலகம் அவருடைய கையின் பலத்தைப் பேசியது, வேலை நடந்ததோ இடுப்பில்.

உன் இட்டௌமாவுக்கு இந்தத் தேவையே கிடையாது. உயரமான பையன், இடக்கைக்காரன், வலக்கையை முன்னால் நீட்டித் தூரத்தை அளந்துகொண்டே இருக்கிறான். எதிராளியின் முன்காலுக்கு வெளியே தன் முன்காலைப் பதிக்க இடம் தேடுகிறான். கிடைத்ததும் பதற்றமில்லாமல் இரண்டு மூன்று குத்துகளைத் தொடர்ச்சியாக இறக்கிவிட்டு, அடித்த இடத்தில் நிற்காமல் விலகிவிடுகிறான். டைசனிடம் ஒரு வெறி இருக்கும், இவனிடம் கணக்குப் பிள்ளையின் அமைதி. உண்மையைச் சொன்னால், இருபது வயதில் இவனுடைய கால்வேலை டைசனுடையதைவிடச் சுத்தம் என்றே நான் நினைக்கிறேன். அதனால்தான் இருவரையும் ஒன்றாக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருவருக்கும் பொதுவானவை வயதும் கடிகாரமும் மட்டுமே, தொழில் வேறு.

கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டைசன் 1985 மார்ச்சில் தொழில்முறைச் சண்டையில் இறங்கி 1986 நவம்பரில் பட்டம் வென்றார். இருபதே மாதங்களில் 28 சண்டைகள். இட்டௌமா 2023 ஜனவரியில் 23 விநாடியில் முடிந்த முதல் சண்டையோடு தொடங்கி, இந்த ஆகஸ்ட் வரை 13 சண்டைகளில் 13 வெற்றி, அவற்றில் 11 நாக் அவுட். மிக இளவயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்ற டைசனின் சாதனையை முறியடிக்க வேண்டும் என்ற பேச்சு இருந்தது, அந்த வயது கடந்த மே மாதத்தோடு தாண்டிப் போயிற்று. அது பையனின் குறையல்ல. டைசன் காலத்தில் ஹெவிவெயிட் பட்டங்கள் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. பெர்பிக் போன்ற ஒருவரிடமும் ஒன்று இருந்தது. இவன் காலத்திலோ 2025 ஜூலையில் டுபுவாவை வீழ்த்தி எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டியவர் உக்ரைனின் உசிக். இருபது வயதுப் பிள்ளையை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற வாத்தியாரை நான் வாத்தியார் என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எனக்கு ஓர் இடத்தில் நெருடுகிறது. டைசனின் முதல் 19 சண்டைகளும் நாக் அவுட். இருபதாவது, 1986 மே மாதம், ஜேம்ஸ் டில்லிஸ் என்பவரோடு. டில்லிஸ் பட்டம் வென்றவரல்ல. அனுபவசாலி, கால் ஓயாதவர், திருப்பி அடிக்க அஞ்சாதவர். நான்காம் சுற்றில் ஒரு முறை விழுந்தும், பத்துச் சுற்றுகளும் நின்றார். டைசன் புள்ளிகளில் ஜெயித்தார், இரண்டு நடுவர்களின் கணக்கில் ஆறு சுற்று இவருக்கு, நான்கு அவருக்கு. இரண்டரை வாரம் கழித்து மிட்ச் கிரீனும் பத்துச் சுற்று நின்றார். அடுத்தடுத்து இரண்டு முறை, தன் குத்து வாங்கியும் ஓயாத மனிதனோடு முப்பது நிமிடம் இருக்க வேண்டிய நிலைமை டைசனுக்குப் பட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. நீ காணொளிகளில் தேடிப் பார்க்கும் முப்பது விநாடி மார்விஸ் ஃப்ரேஸியர் சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான். (அந்தச் சண்டையில் மார்விஸின் மூலையில் நின்றவர் அவன் தந்தை ஜோ ஃப்ரேஸியர். அலியைத் தோற்கடித்த முதல் மனிதரின் மகன் என்ற சுமையை அந்தப் பிள்ளை ஏன் தலையில் ஏற்றிக்கொண்டான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. இப்போது நானும் ஒரு தந்தை என்பதால் அந்தக் காட்சியைப் பார்க்கவே முடிவதில்லை.)

இட்டௌமாவுக்கு ஒரு டில்லிஸ் இன்னும் கிடைக்கவில்லை. ஒயிட் 37 வயதானவர். உலகப் பட்டத்துக்கு ஃப்யூரியோடு மோதி மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மரியூஸ் வாக் ஒரு காலத்தில் சாம்பியனாக இருந்த விளாடிமிர் கிளிட்ச்கோவிடம் பன்னிரண்டு சுற்றுத் தாங்கியவர்தான், ஆனால் இவனிடம் வந்தபோது நாற்பதைக் கடந்தவர். இவர்களை இரண்டு சுற்றுக்குள் முடித்தது சாதாரணமல்ல. ஆனால் ஐந்தாம் சுற்றில் மூச்சு வாங்கி, வாய் திறந்து, தோள் கனத்து, எதிரே நிற்பவன் சிரித்துக்கொண்டு முன்னே வரும்போது இவன் என்ன செய்வான் என்பதை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

என் டைசனிடமே அதை நாங்கள் சரியாகப் பார்த்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தியதைச் செய்தித்தாளில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பின்னால் கேசட் வந்தது. முதல் சுற்றிலேயே தெரிந்தது. டமாட்டோ 1985இலேயே இறந்துவிட்டார், அவர் வளர்த்த பயிற்சியாளர் ரூனியையும் டைசன் விலக்கிவிட்டிருந்தார், தலை ஓர் இடத்தில் நின்றது. டக்ளஸின் ஜாப் ஒவ்வொன்றும் வீட்டு விலாசம் தெரிந்ததுபோல் முகத்தில் வந்து இறங்கியது. கடைசியில் தரையில் மண்டியிட்டுத் தன் பல்லுறையைத் துழாவி எடுத்து, அதை ஒழுங்காகப் பொருத்தக்கூட முடியாமல் வாயில் கவ்விக்கொண்டு எழ முயன்றார். தாத்தா அன்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வரச் சொன்னார்.

அதற்குப் பின்வந்த டைசனை நான் உனக்குச் சிபாரிசு செய்யவில்லை. 1992இல் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர் அவர். ரிங்கில் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தவரும் அவரே. அவர் குத்தை ரசித்தேன் என்பதற்காக இவற்றையெல்லாம் பேசாமல் விடுவது முறையல்ல. சென்ற நவம்பரில் 58 வயதில் யூடியூப் மூலம் பிரபலமான ஜேக் பாலிடம் எட்டுச் சுற்று நின்று தோற்றதையும் பார்த்தேன். எனக்கும் அப்போது அதே வயது. மாடிப்படி ஏறினால் முழங்கால் கடகடவென்கிறது. அம்மா தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னாள், அணைத்துவிட்டேன்.

ஆகவே நீ எழுதியதற்கு என் பதில் இதுதான்: 1986 டைசனையும் இன்றைய இட்டௌமாவையும் நிறுத்தினால் நான் டைசன் பக்கம் நிற்பேன், ஏனென்றால் அவர் பத்துச் சுற்றுத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டு வந்தவர். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் வேறு பதில் சொல்லக்கூடும். தாத்தாவைப்போல் விரலால் தோளைக் காட்டிவிட்டு மௌனமாக இருக்க எனக்கு வராது. பையனின் பின்கை இடக்கை நேர்க்குத்து அருமை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவனுடைய அடுத்த சண்டை இங்கிலாந்தில் நடந்தால் நீ நேரில் போய்ப் பார். செலவைப் பார்க்காதே, டிக்கெட்டில் பாதி நான் தருகிறேன். சண்டை நான்காம் சுற்றைத் தாண்டினால், அடிகளைப் பார்க்காமல், சுற்று முடிந்து மூலைக்குத் திரும்பும்போது அவன் எப்படி நடக்கிறான், முக்காலியில் உட்கார்ந்ததும் வாத்தியாரின் முகத்தைப் பார்க்கிறானா தரையைப் பார்க்கிறானா என்று கவனித்து எனக்கு எழுது. காணொளி அனுப்ப வேண்டாம்; மூலையைக் காட்ட வேண்டிய நேரத்தில் அவர்கள் விளம்பரம் போடுகிறார்கள்.

அம்மா பருப்புப் பொடியும் வற்றலும் கட்டி வைத்திருக்கிறாள். இம்மாதம் யாராவது அந்தப் பக்கம் வருகிறார்களா என்று விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா